ஆயுதம் போலத் தோன்றும் பொருள்

என் இடது கண்ணில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சுவரில் இருக்கும்; வானத்தைப் பார்த்தால் வானத்தில். கண்ணை நகர்த்தினால் அதுவும் நகரும், ஒரு நொடி தாமதமாக, மணியடித்த பிறகு எழுந்து வருகிற நீதிமன்ற டவாலியைப் போல. திருப்பதியில் என்னைப் பரிசோதித்த கண் மருத்துவர், "அலவாட்டு அயிபோதுந்தி சார்," பழகிவிடும் என்றார். ஓராண்டு ஆகப்போகிறது. புள்ளி என்னிடம் பழகிவிட்டது போலிருக்கிறது. எனக்கு அது பழகவில்லை.

அது எப்படி வந்தது என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு; கண்ணாடி அணியாத கண். ஏன் வந்தது என்று சொல்வதற்குத்தான் ஒரு படிவத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சித்தூர் மாவட்டத்தின் நீதிமன்றம் ஒன்றில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நீதிமன்றம் என்பது இங்கே தேவையில்லை. சிரஸ்தார் என்றால் நீதிபதிக்கு அடுத்த நாற்காலி அல்ல, நீதிபதியின் நாற்காலிக்குக் கீழே இருக்கும் தரை. நீதிபதிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். தரை மாறாது. எந்த மனுவுக்கு எத்தனை நகல், எந்த உத்தரவுக்கு எந்த முத்திரை, எதை மேலே அனுப்பலாம், எதை அலமாரியில் தூங்கவிடலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதுதான் வெட்கம்.

என் மேசையில் இருந்த படிவங்களில் ஒன்று நன்னடத்தைப் பிணைப் பத்திரம். முதல் முறையாகச் சின்னக் குற்றம் செய்து தண்டனைக்கு வந்து நிற்பவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் விடலாம். அவர் ஓராண்டோ இரண்டாண்டோ ஒழுங்காக இருப்பேன் என்று கையெழுத்திட வேண்டும். புரொபேஷன் அலுவலர் அவரைக் கண்காணிப்பார். நிபந்தனையை மீறினால் கூப்பிட்டு, நிறுத்தி வைத்த தண்டனையைக் கொடுப்பார்கள். நல்ல சட்டம். நம் சட்டங்களில் மனிதர்களை நினைத்து எழுதிய மிகச் சிலவற்றில் அது ஒன்று.

அந்தப் படிவத்தில், 'ஆயுதம் எதுவும் வைத்திருக்க மாட்டேன்' என்று ஒரு நிபந்தனை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியைக் காட்டி ஒரு நகைக்கடைக்காரரை மிரட்டினார். அவருடைய வழக்கறிஞர், பொம்மை எப்படி ஆயுதமாகும் என்று இரண்டு நாள் வாதாடினார். எனக்கு எரிச்சல். வேலை குறைவான ஒரு மத்தியானம், படிவம் புதிதாக அச்சுக்குப் போகிற சமயம், அந்த வரியில் சில சொற்களைச் சேர்த்தேன்: 'அல்லது ஆயுதம் போலத் தோன்றும் எந்தப் பொருளையும் வைத்திருக்கவோ கையாளவோ மாட்டேன்.' யாரும் கேட்கவில்லை. அப்போதிருந்த நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "பாக ராசினாவய்யா" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். நன்றாக எழுதியிருக்கிறாய். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே இலக்கியப் பாராட்டு.

அந்தப் படிவம் அப்படியே நின்றுவிட்டது. படிவங்களை யாரும் படிப்பதில்லை, நகல் எடுப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன். என் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சந்திரகிரி போகும் வழியில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். மாம்பழத்துக்கு அல்ல. ஏர்சாஃப்ட் என்கிற விளையாட்டுக்கு. அசல் துப்பாக்கியைப் போலவே செய்த காற்றுத் துப்பாக்கிகளால் இரண்டு அணிகள் ஒருவரையொருவர் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்வார்கள். குண்டு பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். மரங்களுக்கிடையே டயர்களையும் தார் பீப்பாய்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கியிருந்தான். தூரத்தில் கோட்டைக் குன்று தெரியும். அங்கே நிஜமாகவே போர் செய்தவர்கள் பார்த்தால், வெளியே நிற்கும் கார்களைக் கண்டு முதலில் சரணடைந்திருப்பார்கள்.

தோப்பு திறந்து சில மாதம் ஆனபோது, "மாமா, ரூல்ஸ் போர்டு ஒண்ணு வைக்கணும். நீங்கதான் எழுதித் தரணும்" என்றான்.

"எத்தனை வேணும்?"

"அஞ்சாறு போதும்."

இருபத்திரண்டு எழுதினேன்.

"மாமா, இத படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க ஸ்லாட் டைமே முடிஞ்சிடும்."

"முடியட்டும். கண்ணோட வீட்டுக்குப் போவாங்க."

அந்தத் திமிரான பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

விதிகள் நல்ல விதிகள்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே வரும் எவரும், விளையாடினாலும் வேடிக்கை பார்த்தாலும், கண் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும், இது முதலாவது. சுடும் வரை விசையில் விரல் படக் கூடாது, குழாய் தரையைப் பார்க்க வேண்டும், இது இரண்டாவது. குண்டுப் பெட்டியைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு குண்டு தங்கும், ஆகவே மணலில் ஒருமுறை சுட்டுக் காட்டிவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். பத்தடிக்குள் இருப்பவரைச் சுடக் கூடாது. குழாய் முனையில் இருக்கும் ஆரஞ்சு வண்ணத்தைக் கருப்படித்து மறைக்கக் கூடாது. தோப்புக்கு வெளியே கொண்டுபோனால் மூடிய பையில்தான் கொண்டுபோக வேண்டும்; சாலையில் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. மலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருக்கிற ஊர் இது. பைக்குள் தெரியும் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் என்பதை எக்ஸ்ரே இயந்திரம் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ளாது.

சட்டத்தையும் பார்த்தேன். ஏர்சாஃப்ட் என்ற சொல்லே ஆயுதச் சட்டத்துக்குத் தெரியாது. காற்றுத் துப்பாக்கி தெரியும், அசலின் நகல் தெரியும். குண்டின் வேகக் கணக்கைப் பார்த்தால் உரிமம் வேண்டாம் போலிருக்கும், குழாயின் விட்டத்தைப் பார்த்தால் வேண்டும் போலிருக்கும். விளக்கம் கேட்டு அக்கா மகன் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்வது நம் நாட்டில் மரியாதைக்குரிய ஒரு நடைமுறை.

எழுதுகிற சூட்டில் பதினாலாவதாக இதையும் சேர்த்தேன்: 'குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள், புரொபேஷனில் இருப்பவர்கள் எவரும் இங்குள்ள துப்பாக்கிகளைத் தொடக் கூடாது.' பிற்பாடு எவனாவது ஒரு வக்கீல் கேட்டால் பதில் இருக்க வேண்டுமே என்றுதான். எனக்கு அப்போது மனதில் எந்த முகமும் இல்லை.

அந்தத் தோப்பில் துப்பாக்கிகளையும் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டவர், சித்தூருக்குப் பக்கத்துக் குடிபாலாக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களைப் போலவே பழைய மிஷன் சபைக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். கயிறு கட்டிய நுழைவாயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டிக் கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணும் உள்ளே போனதில்லை. டீ வைத்திருக்கும் கொட்டகை கயிற்றுக்கு உள்ளே பத்து எட்டு தூரத்தில். ஒருநாள் ஆட்டமே இல்லாத நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன்.

"சார், கண்ணாடி."

"டீ குடிக்கத்தானேயா போறேன்."

"குடிங்க சார், யாரு வோணாம்னது. மாட்டிக்கினு குடிங்க."

"ஆட்டமே ஆரம்பிக்கலியே."

"அது குண்டுக்குத் தெரியாது சார்." போர்டைக் காட்டினார். "ஒண்ணாவது ரூலு. நீங்க எழுதினதுதான்."

நீச்சல்காரனைப் போல மாட்டிக்கொண்டு டீ குடித்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே மனிதர்.

போர்டு வைத்த இரண்டாம் வாரம், ஒரு காலை. அவர் ஈரத்துணியால் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் கை நின்றது.

"சார், இந்தப் பதினாலு..."

"அதுல என்ன?"

"அது நான்தான் சார்."

முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். சபைக் கமிட்டித் தேர்தல். நம் சபைகளில் பரலோகத்துக்குப் போட்டி குறைவு, கமிட்டிக்குப் போட்டி அதிகம். வாக்கு எண்ணுகிற இடத்தில் எதிரணிக்காரர் இவருடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்.

"செத்துப்போனவரு சார் எங்க நைனா. அவரப் பத்திச் சொல்றான். என் கையில காணிக்கத் தட்டு. பித்தள. வுட்டுட்டேன்."

நாலு தையல். தட்டு நீதிமன்றத்தில் 'சாட்சிப் பொருள் எண் ஒன்று' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்திய குற்றம். முதல் குற்றம் என்பதால் இரண்டாண்டுப் பிணையில் விட்டிருக்கிறார்கள். பதினாறு மாதம் கழிந்துவிட்டது, எட்டு மாதம் பாக்கி. பைபிளின் ரெக்ஸின் உறைக்குள்ளிருந்து பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். நான் ஓய்வு பெற்று வந்த அதே நீதிமன்றம். அதே படிவம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எழுத்துருவைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது நிபந்தனையில் என் வாக்கியம் இருந்தது.

உங்கள் கையெழுத்தை அறிமுகமில்லாத வீட்டுச் சுவரில் பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. 'இது நான் எழுதியது' என்று சொல்ல அப்போது வாய் திறந்து மூடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இந்த வேலை கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா இதப் பாருங்க, அஞ்சாவதுல வேலை இல்லாம இருக்கக் கூடாதுன்னும் கீது. நகரியில தறி ஓட்டிக்கினு இருந்தேன். அத மூடிட்டாங்க. உங்க அக்கா மவன் தம்பி கூப்ட்டாரு, வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "எட்டு மாசம் சார். கண்ண மூடிக்கினா போய்டும். அஞ்சு மாசமா இங்க கீறேன், யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க அந்தப் பதினாலு மட்டும் அழிச்சிட்டீங்கன்னா..."

அழித்திருக்கலாம். ஈரத்துணி அவர் கையிலேயே இருந்தது.

நான் அவருக்குச் சட்டம் சொன்னேன். மறைப்பது வழியே அல்ல என்றேன். பிணை நிபந்தனையை மாற்றித் தரும்படி புரொபேஷன் அலுவலர் மூலமாக நீதிமன்றத்தில் மனு போடலாம், அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, நியாயமான கோரிக்கை, கட்டாயம் கிடைக்கும் என்றேன். மிஞ்சிப் போனால், முதல் தடவை மீறியதற்கு அந்தச் சட்டத்தில் அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் கிடையாது என்றேன். ஐம்பது ரூபாய்! இதைச் சொல்லும்போது சிரித்தேன்.

"பேப்பர்ல இருந்தா யாரும் உன்னத் தொட முடியாது. பேப்பர்ல இல்லன்னாதான் பயப்படணும்."

அவர் என்னை நம்பினார். ஒன்றாம் விதியை நம்பியதைப் போலவே.

இந்தத் தப்பை வேறு எவரும் செய்ய மாட்டார்கள். காய்கறிக்காரரிடம் கேட்டிருந்தால், 'வாய மூடிக்கினு இரு' என்று இலவசமாகச் சொல்லியிருப்பார். நாற்பது வருடம் காகிதத்துக்கு நடுவில் இருந்தவனுக்குத்தான், காகிதம் ஒரு கூரை என்று தோன்றும்.

புரொபேஷன் அலுவலர் ஒரு பெண்மணி, தெலுங்குக்காரர், நிதானமானவர். மனுவின் வரைவை முழுதும் படித்தார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசினார். தெலுங்கில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"இதைக் கட்டாயம் போட வேண்டுமா, சார்?"

"ஏன்?"

"மாதா மாதம் அவரிடம் 'வேலைக்குப் போகிறாயா' என்று கேட்பேன். 'போகிறேன்' என்பார். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. கேட்காதது மறதி இல்லை, சார்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வழி திறந்திருந்தது. மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்திருந்தால் போதும். நான் அவருக்குப் பிரிவு எண்ணைச் சொன்னேன்.

"சரி. நான் இதை அனுப்பினால், அவர் என்ன வேலை செய்கிறார் என்று அறிக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். தெரிந்த பிறகு மறைக்க முடியாது."

"அதுதானே முறை" என்றேன்.

விசாரணை நாளன்று இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். பொருளைக் கண்ணால் பார்த்தால் அது விளையாட்டுச் சாமான் என்று நீதிபதிக்கு விளங்கிவிடும் என்று, வாயில் காவலரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்கி, ஒரு துப்பாக்கியைப் பையில் போட்டு அக்கா மகனைக் கொண்டுவரச் சொன்னேன். குண்டுப் பெட்டி தனியாக, முனையில் மூடி, ஆரஞ்சு வண்ணம். எல்லாம் விதிப்படி.

நீதிபதி இளைஞர், கடலோர மாவட்டத்துக்காரர். துப்பாக்கியை மேசை மேல் வைத்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாந்தோப்பில் அது பொம்மை. கறுத்த மேசையில், காகிதங்களுக்கு நடுவே, அது துப்பாக்கி. நானே ஒரு கணம் அப்படித்தான் பார்த்தேன்.

நீதிபதி பத்திரத்தை எடுத்து மூன்றாவது நிபந்தனையைச் சத்தமாகப் படித்தார். என் வாக்கியம் அந்த அறையில் ஒலித்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன், எங்கும் ஓட்டை இல்லை. படித்துவிட்டு மேசையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"ஏமய்யா, இதி சதிவி சந்தகம் பெட்டினாவா?" இதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாயா?

படிக்கவில்லை என்று குடிபாலாக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் முந்தின நாள் நான் அவருக்குச் சொல்லி வைத்திருந்தேன்: கேட்டதற்கு உண்மையை முழுதாகச் சொல்.

"சதிவினானு சார்." படித்தேன்.

"எத்தனை நாளாக இந்த வேலை?"

"ஆறு மாசம் சார். வாரத்துல ஆறு நாள்."

ஐம்பது ரூபாய் அபராதம் முதல் மீறலுக்கு. தெரிந்தே ஆறு மாதம் தினமும் செய்ததை முதல் மீறல் என்று எப்படிச் சொல்வது என்று நீதிபதி கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். பழைய குற்றத்துக்கு மூன்று மாதம் வெறுங்காவல், வேலை வாங்காத சிறை.

என் பையில் மேல்முறையீட்டு மனு தயாராக இருந்தது. தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் மனுவும். மோசமான முடிவுக்கும் காகிதம் தயாராக வைப்பவன் நான். கூண்டுக்குப் பக்கத்தில் காவலரோடு நின்றவரிடம் பேனாவை நீட்டினேன்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வோணாம் சார்."

"என்னய்யா வேணாம்? போட்டா இன்னிக்கே..."

"மூணு மாசத்த எண்ணிடலாம் சார். உங்க காயிதத்த எண்ண முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். காவலர் அவர் தோளைத் தொட்டார். இரண்டடி போனவர் திரும்பினார்.

"சார், நாலு கண்ணாடில கீறல் வுழுந்துருக்குது. அத யாருக்கும் குடுக்க வோணாம்னு தம்பி கிட்ட சொல்லிடுங்க. வாசல்ல ஒரு ஆள உக்கார வெக்கச் சொல்லுங்க."

சரி என்றேன். அக்கா மகனிடம் சொல்ல மறந்துவிட்டேன். நீதிமன்ற வாசற்படியில் அவனுக்கும் எனக்கும் வந்த வாக்குவாதத்தில் அது போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துத் தோப்புக்குப் போனேன். பதினாலாவது விதியை அழிக்கச் சொல்வதற்காகத்தான் போனேன். மூன்று மாதம் முடிந்ததும் அவர் அதே நாற்காலிக்குத் திரும்பி வர வேண்டும் என்று எனக்குள் ஒரு திட்டம். வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் மேல் ஒரு கூடை நிறையக் கண்ணாடிகள், 'நீங்களே எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு அட்டை. டீக் கொட்டகைப் பக்கம் அக்கா மகன் நின்றான். மணி பதினொன்று, நல்ல வெயில், ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. கூடையைப் பார்த்தேன். யாரும் 'சார், கண்ணாடி' என்று சொல்லவில்லை. குனிந்து கயிற்றுக்குக் கீழே நுழைந்தேன்.

பத்து எட்டுதான். ஆறாவது எட்டில் இருந்திருப்பேன். ஒரு மரத்துக்குப் பின்னால் யாரோ, குண்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கி காலி என்று நினைத்து விசையை அழுத்தியிருக்கிறார். உள்ளே ஒரு குண்டு தங்கும் என்று நான்தான் எழுதியிருந்தேனே. சத்தம்கூடக் கேட்கவில்லை. யாரோ கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தியதைப் போல ஒரு வெளிச்சம்; பிறகு சிவப்பு.

சுட்டவர் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்பவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். புகார் எழுதுவீர்களா என்று அக்கா மகன் பயந்துகொண்டே கேட்டான். யார் மேல் எழுதுவது? அவர் மீறியது ஒரு விதி. ஒன்றாம் விதியை மீறியவன் நான்.

இரண்டு வாரம் கண்ணைக் கட்டி அசையாமல் படுக்கவைத்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது பழைய முகங்கள் வரும் என்பது எனக்குத் தெரியாது. வந்தார்கள். அந்தப் படிவம் அச்சாகி வந்த புதிதில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற ஒருவர் வந்தார். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுபவர். ஏதோ வரப்புச் சண்டையில் பிணைக்கு வந்தவர். பத்திரத்தை மடித்துக்கொண்டே கேட்டார், "ஐயா, கூத்துல மரக்கத்தி பிடிப்பேன், ஜிகினாத் தாள் சுத்தினது. அதுவும் கூடாதா?" நான் நிமிராமல் சொன்னேன்: "போலன்னா போலதான்." அவர் சிறிது நேரம் நின்றார், போய்விட்டார். பிறகு அவர் ராஜா வேஷம் கட்டினாரா, அந்த இரண்டு வருடமும் கத்தி இல்லாத கட்டியங்காரனாக நின்றாரா, எனக்குத் தெரியாது. தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி விற்பவர் ஒருவர் இருந்தாரே, அவர் என்ன செய்தார்? அந்த வரியில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்? படுக்கையில் எண்ணிப் பார்த்தேன். ஒரு முகம் முடிவதற்குள் அடுத்தது வந்து வரிசையில் நின்றது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் பேனாவுக்காகக் கையை நீட்டினார்கள்.

கட்டு அவிழ்த்ததும் ஒரு மனு எழுதினேன். படிவத்தின் மூன்றாவது நிபந்தனையில் உள்ள இன்ன சொற்கள் எந்த உத்தரவின்படியும் சேர்க்கப்பட்டவை அல்ல. அவற்றைச் சேர்த்தவன் நான். அவற்றை நீக்க வேண்டும். என் பெயர், பழைய பதவி, கையெழுத்து. நான்கு நகல்.

பதில் வந்தது. மேற்படி படிவம் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பதாகவும், மேற்படி சொற்களை யார் சேர்த்தார் என்பதற்குக் கோப்புகளில் ஆதாரம் எதுவும் இல்லை எனவும், ஆகவே மனுவின் மேல் நடவடிக்கை தேவையில்லை என முடிக்கப்பட்டது எனவும் கண்டிருந்தது. மிகச் சுத்தமான பதில். இந்த நடையை அந்த அலுவலகத்தில் பழக்கியவனும் நான்தான்.

குடிபாலாக்காரர் சிறையிலிருந்து வெளியே வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், என் வீட்டுக் கதவைத் தட்டினார். இளைத்திருந்தார். தோப்புக்கு வரச்சொல்லி அக்கா மகன் இரண்டு முறை ஆள் அனுப்பியும் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நகரியில் வேறொரு தறிக் கூடத்தில் சேர்ந்துவிட்டார். திருப்பதிக்கு வேறு வேலையாக வந்ததாகச் சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் இடது கண்ணையே பார்த்தார்.

"கண்ணாடி போடலியா?"

"போடல."

"அங்கதான வெச்சிருந்துது?"

"நாற்காலி மேலயே இருந்தது."

"இன்னா சார் நீங்க." குரல் உயர்ந்தது. நீதிமன்றத்தில் உயராத குரல். "நா இல்லன்னா போட மாட்டீங்களா? எழுதினவரு நீங்க! எவனோ ஒருத்தன் எழுதினதா? அத்தினி பேருக்கு எழுதி வெச்சிட்டு, உங்க கண்ண நீங்க பாத்துக்க மாட்டீங்களா சார்?"

எழுந்து போய் மனுவின் நகலையும் பதிலையும் எடுத்து வந்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"உன் பத்திரத்துல மூணாவது வரி. அது நான் எழுதினது. யாரும் எழுதச் சொல்லல. நானா எழுதினேன். இந்த மனுவுல அத ஒத்துக்கிட்டிருக்கேன். படிச்சுப் பாரு."

அவர் காகிதத்தைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. வெளியே தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"கையெழுத்து ஏதாச்சும் போடணுமா சார்?"

"வேணாம். நான் போட்டாச்சு."

"அப்ப சரி."

டம்ளரின் அடியில் காப்பி வழிந்திருந்தது. என் மேசை ஈரமாகக் கூடாது என்று, அவர் அந்த மனுவின் மேல் டம்ளரைப் பதனமாக வைத்தார். குடித்து முடித்தார். "வர்றேன் சார், பஸ்ஸுக்கு நேரமாய்டும்" என்று எழுந்தார். வாசலில் நின்று, வெயில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நகல் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. கோப்பில் வைக்கவில்லை, எந்தத் தலைப்பில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதில் மூன்றாவது வரிக்கு மேல் ஒரு கரிய கறை இருக்கிறது. காப்பியுடையதா என் கண்ணுடையதா என்று அறிய, ஒவ்வொரு முறையும் நான் இடது கண்ணை மூடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.